முட்டைக் கட்டும் என் கட்டை விரலும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்து ஆளாகியிருக்கிறேன். மற்றவர்கள் மெஷினில் ஈரம் பார்ப்பார்கள். நான் ஒரு காயைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவேன். ஓடு உடைகிற விதத்திலேயே சரக்கு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் இங்கே யாரும் வாய் திறந்ததில்லை.

அந்தக் கட்டை விரல்தான் போனது. லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் தடுமாறினான். "நவுரு, எப்பிடித் தூக்கறதுன்னு காட்டறேன்" என்று நானே மூட்டையின் காதைப் பிடித்தேன். தைக்கும்போது மூலையில் முறுக்கி விடுவார்களே, அந்தக் காது. மூட்டை சரிந்தது. விரல் காதுக்குள் மாட்டி வெளிப்பக்கமாக வளைந்து மடங்கிப் போனது.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். எலும்பு முறியவில்லை என்றால் வெறும் சுளுக்குதானே? வானூர்ப் பக்கம் கட்டுப் போடுகிறவரிடம் போனேன். முட்டை வெள்ளைக்கரு, உளுத்தம் மாவு, ஏதோ ஒரு கறுப்பு எண்ணெய். கட்டு மாற்றும் போதெல்லாம் விரலைப் பிடித்து இழுப்பார். சொடக்கென்று சத்தம் வரும். "மூட்டு ஒக்காந்துடுச்சு" என்பார். நானும் பெருமையாகத் திரும்பி வருவேன்.

அந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. கட்டுக்குள் எறும்பு புகுந்து ஊர்ந்தது.

"இன்னாங்க, கையை அந்தாண்ட வெச்சிக்கினு சாப்புடுங்க. செத்த எலி மாதிரி நாறுது" என்றாள் மனைவி.

"வைத்தியம்னா நாறத்தான் செய்யும். உனுக்கு இன்னா தெரியும்?"

வீக்கம் வடிந்ததும் விரல் நுனி வெளியே தெரிகிற மாதிரி கட்டைத் தளர்த்திக்கொண்டு மண்டியில் உட்கார்ந்தேன். காயை எடுத்து அழுத்தினேன். விரல் அப்படியே வெளியே சாய்ந்தது. காய் நழுவிக் கீழே விழுந்தது. சரக்கு கொண்டுவந்து எதிரே நின்ற ஓமந்தூர்க்காரர் சிரித்தார்.

"இன்னா மொதலாளி, எங்க கொல்லைக் காயி அவ்ளோ கெட்டியா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மறுநாளே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

எலும்பு டாக்டர் ஒரு அம்மா. அவர் கட்டைப் பிரித்ததும் நர்ஸ் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். தோல் ஊறி வெளுத்து, நகத்தடியில் மஞ்சளாகச் சீழ். என் கையைப் பார்த்து எனக்கே வாந்தி வந்தது.

டாக்டரம்மா முகம் சுளிக்காமல் என் இடது கட்டை விரலை வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றது. வலது விரல் நிற்கவே இல்லை, தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னாங்களே?"

"அதுல எலும்புதான் ஐயா தெரியும். எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற நார் தெரியாது."

ஸ்கேனில் தெரிந்தது. நார் அறுந்து, அதன் முனை சுருண்டு, பக்கத்துத் தசைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. தசை குறுக்கே நிற்பதால் எத்தனை மாதம் கட்டினாலும் அது ஒட்டாதாம்.

"அப்ப அந்தச் சொடக்கு?"

"இழுத்து இழுத்து விரல் மூட்டை இன்னும் தளர்த்தியிருக்காங்க. உடனே வந்திருந்தா சுலபமா தெச்சிருப்பேன். இப்ப அந்த நார் தேறுமான்னு தெறந்து பாத்தாதான் தெரியும்."

புண் ஆறிய பிறகு ஆபரேஷன். கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். எலும்பில் துளை போடுகிற சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். நார் தேறவில்லை. மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் கட்டினார்கள்.

மாவுக்கட்டை வெட்டியபோது தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. டாக்டரம்மா விரலை வெளிப்பக்கம் தள்ளினார். விரல் நின்றது.

"மூட்டு நிக்குது. பிடி பழையபடி முழுசா வராது, ஐயா."

இப்போது கல்லாவில் உட்கார்ந்து, அவர் சொன்னபடி சின்னப் பிள்ளை மாதிரி ரப்பர் பந்தை அமுக்குகிறேன். பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. பச்சைக் காய் ஒரு கையில் உடைகிறது. காய்ந்த காய்க்கு இடது கையையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. விலையை மட்டும் இன்னும் நான்தான் சொல்கிறேன்.