மேனேஜர் செருகிய சொல்

பச்சை மை. விபத்து அறிக்கையில் நான் டைப் அடித்த வரியின் நடுவே மேனேஜர் தன் கையால் செருகிய ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: 'பாசிபிளி', அதாவது 'இருக்கலாம்'. அழகான கையெழுத்து அவருடையது. அந்த அழகை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இரண்டு பட்டன்களை இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் கீழே இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆர்டர் நெருக்கும் வாரங்களில் ஒரு பட்டனை அமுக்கியபடியே கறுப்பு டேப்பால் சுற்றிவிடுவார்கள். ஒரு கை அழுத்தும், மறு கை தகடு வைக்கும், வேலை பறக்கும். அன்று சுற்றியவர் மேனேஜரேதான். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். குவாலிட்டி பார்க்கிற நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். கெலமங்கலத்திலிருந்து வரும் அக்கா, தெலுங்கில் எண்ணிக்கொண்டே தகடு வைப்பவர், சாப்பாட்டு மணிக்கு முன்பே இடது கையில் இரண்டு விரல்களை இழந்தார்.

அக்கா தானே டேப் சுற்றினார் என்று மேனேஜர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன், கையெழுத்துப் போடச் சொன்னபோது மறுத்தேன். அவ்வளவு தைரியம் இருந்தது. மேனேஜர் கோபப்படவில்லை, பேனாவை எடுத்தார்.

"சுத்துனாங்கன்னா சொல்றேன்? சுத்தியிருக்கலாம்னுதானப்பா சொல்றேன். மரியாதையான வார்த்தை. யாரும் பொய் சொன்ன மாதிரி ஆகாது."

மழை வருமா, பஸ் வருமா என்பதற்கெல்லாம் பொருந்துகிற சொல்தான். தெரியாதவன் சொன்னால் அது அடக்கம். கண்ணால் பார்த்தவன் சொன்னால் திருட்டு. அந்தத் திருட்டில் கையெழுத்துப் போட்டேன்.

பாதுகாப்பு விதியை மீறியதாக அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். சாட்சியாக என்னைச் சொன்னார். கிருஷ்ணகிரிக்கு விசாரணைக்குப் போகும் பஸ்ஸில், சூளகிரி தாண்டியதும், "நீ பாத்தத மட்டும் சொல்லு தம்பி, போதும்" என்றார். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது.

டேப் சுற்றியது யார் என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் அந்த அறையிலேயே இல்லை. ஆனால் அந்த மாதம் எனக்கு வரவிருந்த புரமோஷன் இருந்தது.

"அவங்களே சுத்தியிருக்கலாம் சார்" என்றேன். யாரும் எதையும் செருக வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் மேனேஜர் ஓய்வு பெற்றார். மாலை போட்டோம். பத்து விரல்களாலும் கை தட்டினேன். மறுநாள் அக்காவைத் தேடிப் போனேன். கெலமங்கலத்துப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார், முள்ளுக்கு ஒதுங்கி, எட்டு விரல்களால். மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினேன். அயோக்கியன், நாசமாய்ப் போக என்று. அக்கா நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தார். கூடை நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"அந்தாள நான் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிட்டுப் போகல தம்பி. உன்னத்தான் கூட்டிட்டுப் போனேன்."