செடிக்கு அடிக்கிற ஜிங்க்

மாரமங்கலம் வெங்கடாசலத்திடம் ஒரு காப்பி இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். இலை சிறுத்துக் கொத்தாக நின்றால், "ஜிங்க் பத்தலீங்க, அடிச்சு உடுங்க" என்பார். அந்தத் துத்தநாகச் சத்தை அடித்த செடி தளிர்த்துவிடும். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தெரியாது என்ற சொல் மட்டும் அந்த வாயில் வராது. மனிதரைக் கெடுத்தது அதுதான்.

நாகலூர் அருள்சாமி, ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர்; வெங்கடாசலத்துக்கு உடன்பிறவாத அண்ணன். எஸ்டேட் முதலாளி விற்ற பழைய அம்பாசிடரை வாங்கிக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தார். அருள்சாமியின் மனைவி அற்புதம் கல்யாணப் பெண்ணாக மாதா கோயிலுக்கு வந்தது அந்தக் காரில்தான். அவள் கண்ணை மூடிய பிறகு அவருக்கு ஒரே ஆசை: மகள் ஷீனாவும் அதே காரில் கோயிலுக்குப் போக வேண்டும், தானே ஓட்ட வேண்டும்.

ஷீனாவின் கல்யாணத்துக்கு முன்னால் குடலிறக்க ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போனவர், காரை வெங்கடாசலம் வீட்டுக் கொட்டகையில் விட்டுப்போனார். அங்கிருந்து போனில் சொன்னார்: "ஆயில் மாத்திருப்பா. இப்ப வர்ற ஆயில்ல ஜிங்க் கம்மி. பழைய இன்ஜினுக்கு அது பத்தாது, உள்ள தேஞ்சு போயிரும். ஜிங்க் வாங்கிச் சேத்து ஊத்தீரு."

"அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்கண்ணா. ஜிங்க் பத்தி எனக்குத் தெரியாததா?" என்றார் வெங்கடாசலம்.

ஏற்காட்டுக் கடையில் ஆயில் கிடைத்தது. அதில் சேர்க்கிற ஜிங்க் பாட்டிலுக்குச் சேலம் போக வேண்டும் என்றார்கள். வீட்டில்தான் செடிக்கு அடிக்கிற ஜிங்க் சல்பேட் மூட்டை கிடக்கிறதே! உரலில் இடித்து மாவாக்கித் துணியில் சலித்தார்.

"ஏனுங்க, அது செடிக்குங்க. அண்ணனுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றாள் மனைவி பாவாயி.

"செடிக்கு ஒரு ஜிங்க்கு, காருக்கு ஒரு ஜிங்க்கா? உன் சோலியப் பாரு."

கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவோமே! பொடியை ஆயிலில் கலக்கி ஊற்றிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் காரைக் கழுவி, பூக்கட்டி, வெங்கடாசலமே நாகலூருக்கு ஓட்டிப்போனார். அருள்சாமி ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்சீட்டில் ஷீனா. கோயில் மேட்டில் பாதி ஏறியதும் உள்ளே ஏதோ கடகடவென்று அடித்தது. இன்ஜின் இறுகிக் கார் அப்படியே நின்றுவிட்டது. யார் தள்ளியும் பயனில்லை. பந்திக்குக் காய்கறி இறக்கிவிட்டுப் போன வேனை மறித்து, ஷீனாவை ஏற்றிவிட்டார்கள். அருள்சாமி அதன் பின்னால் நடந்தே கோயிலுக்குப் போனார். தான் ஊற்றிய பொடிதான் காரணம் என்று வெங்கடாசலத்துக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் மறுநாள் நாகலூருக்குப் போனார். மெக்கானிக் ஆசிர் இன்ஜினின் அடித்தொட்டியைக் கழற்றி வைத்திருந்தார். அடியில் வெள்ளைச் சேறு, வெங்கடாசலம் கலக்கிய அதே பொடி.

"ஆயில்ல தண்ணி கலந்துருச்சுங்க. வயசான இன்ஜின், என்ன பண்றது? இனி இதுக்கு உசுரு வராதுங்க" என்றார் ஆசிர்.

வெங்கடாசலம் வாயைத் திறந்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற அருள்சாமி முந்திக்கொண்டார். "நீ சங்கடப்படாத வெங்கடாசலம். நானே இருந்திருந்தாலும் உன்னாட்டம் நொம்ப அக்கறையாப் பாத்திருக்க மாட்டன்." சாவியை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார். "எடைக்குப் போட மனசு வரல. உன் ஊட்டுலயே இருக்கட்டும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த மனுசன் மன்னித்தும் இருப்பார், அது வெங்கடாசலத்துக்கே தெரியும். வாயில் வந்ததென்னவோ "சரிங்கண்ணா" மட்டும்தான்.

கார் இன்றும் மாரமங்கலத்துக் கொட்டகையில் நிற்கிறது. அருள்சாமி அவ்வப்போது பஸ் பிடித்து வருகிறார். அற்புதம் உட்கார்ந்து வந்த பின்சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது பாவாயியிடம், "உன் ஊட்டுக்காரனாட்டம் ஒரு தம்பி கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்மா" என்பார்.

"ஆமாங்கண்ணா" என்பாள் பாவாயி, புருஷன் முகத்தைப் பார்க்காமலே.