பல்லியம்மாவாகப் பேசிய ரெஜினா

மூர்த்தி தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் அடையாறு வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு இறங்கி வந்து எடுத்தேன். "ரெஜி அக்கா பூட்டாங்கம்மா. காத்தால காபி போட்டுக்கினு இருந்தாங்களாம். அப்டியே உக்காந்துட்டாங்களாம்" என்றார். மறுநாள் நாளிதழில் 'பல்லியம்மா காலமானார்' என்று ஒரு துண்டுச் செய்தி வந்தது. ரெஜினா என்ற பெயர் அதில் இல்லை. படம் போட்டிருந்தார்கள், பல்லியின் படம்.

அந்தப் பல்லிக் குடும்பத்தைத் தெரியாத பிள்ளைகள் இந்த ஊரில் குறைவு. மயிலாப்பூர் வீடொன்றில் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருக்கும் அப்பா, அம்மா, இரண்டு குட்டிகள். முதல் மூன்று கார்ட்டூன் படங்களும் வீடியோ கேசட்டாக வந்து, கேசட் தேயும்வரை ஓடின. அம்மாவுக்குக் குரல் ரெஜி அக்கா. அப்பாவுக்குக் குரல் அவருடைய கணவர் ஸ்டீபன். பெரிய குட்டி நான். மூர்த்தி எங்கள் ஓவியர்.

ரெஜி அக்கா சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஞாயிறுகளில் கோயில் பாடகர் குழுவில் பாடுவார். நாடக நடிகரான ஸ்டீபன்தான் அவரை எங்கள் தியாகராய நகர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்தார். முதல் நாளே எனக்குச் சொன்னார்: "சிரிக்கிற மாதிரி பண்ணாத உமா. சிரிச்சிடு. புள்ளைங்களுக்கு வித்தியாசம் தெரியும்."

மூன்றாம் படத்தின் முடிவில், வீடு மாற்றுகிறவர்களின் லாரியில் சிக்கி அப்பாப் பல்லி காணாமல் போகும். அது வெளியான சில மாதங்களில் ஸ்டீபன் வீட்டை விட்டுப் போய்ப் பாலவாக்கத்தில் வேறொரு பெண்ணோடு குடியேறினார். ரெஜி அக்கா யாரிடமும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருமுறை நாங்கள் பேருந்தில் போகும்போது, பின் இருக்கையிலிருந்த ஒரு சிறுமி குரலை அடையாளம் கண்டுகொண்டாள். "பல்லியம்மா, அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாள். அக்கா பல்லியம்மாவின் குரலிலேயே, "வந்துட்டே இருக்காரும்மா. வழியில ஒரே டிராஃபிக்" என்றார். பிறகு அடையாறு பாலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நான்காவது படத்தோடு தொடரை முடித்துவிடுவது என்று முடிவாயிற்று. திரையரங்கில் வெளியிடுகிற பெரிய படம். முதலில் எழுதிய கதையில் குட்டிகள் ஊரெல்லாம் தேடி, ஒரு பழைய சாமான் கடையில் அப்பாவைக் கண்டுபிடித்துக் கூட்டி வரும். பதிவுக்கு வந்த அன்று காலை இயக்குநர் வேறு தாள்களைக் கொடுத்தார். அதில் அப்பாப் பல்லிக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு குடும்பம் இருந்தது. அவர் திரும்பி வருகிறார். அம்மா அழுதுகொண்டே ஏற்றுக்கொள்கிறாள்.

நான் இயக்குநரைப் பார்த்தேன். "முடியற படம்னா ஜனங்க அழுதுண்டு வெளில போகணும்மா" என்றார், என்னிடம் பாட்டு வரியை விளக்குவதுபோல.

எங்கள் வேலையில் குரல்தான் முதலில். பேசியதைக் கேட்டு, பேசும் முகத்தைப் பார்த்து, பிறகு படம் வரைவார்கள். அதனால் மூர்த்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஒரே மைக். ஒரு புறம் ஸ்டீபன், மறுபுறம் ரெஜி அக்கா, நடுவில் நான். சத்தம் வருமென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அக்காவின் வசனம், "வாங்க. உங்க இடம் அப்படியேதான் இருக்கு." சொன்னார். இயக்குநர் இன்னொரு முறை கேட்டார். மறுபடி சொன்னார். மறுபடி கேட்டார். ஸ்டீபன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சீக்கிரம் முடிச்சிடலாம் சார், கீழ கார்ல அவங்க வெயிட் பண்றாங்க" என்றார். அந்த 'அவங்க' யாரென்று அறையில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெஜினா, அழுகை வரலையே" என்றார் இயக்குநர்.

"அதெல்லாம் வீட்டுலயே அழுது முடிச்சிட்டேன் சார். இங்க கொண்டுவர மிச்சம் இல்ல."

ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் வந்தது: "ஸ்டீபன், பேப்பரைக் கீழ வை. அன்னிக்கு ஆத்துல இருந்து கிளம்பறச்சே இவகிட்ட என்ன சொன்னியோ, அதைச் சொல்லு."

ஸ்டீபன் தயங்கினார் என்பதை எழுதத்தான் வேண்டும். ஆனால் சொன்னார். அழகாக, பயிற்சி பெற்ற அந்தக் குரலில் சொன்னார். "உன்னைப் பார்த்தா எனக்கு வயசாயிட்ட மாதிரி இருக்கு, ரெஜி."

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தவருக்கு வருமே, அந்த மூச்சு. பிறகு, வரி பிசகாமல், "வாங்க. உங்க இடம் அப்படியேதான் இருக்கு" என்றார்.

"ஓகே" என்றார் இயக்குநர்.

ஸ்டீபனின் வாக்கியத்தை வெட்டிவிட்டு மூச்சை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியில் பல்லியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பாள், முகம் தெரியாது. எவ்வளவு நுட்பமான கற்பனை என்று பத்திரிகைகள் இயக்குநரைப் பாராட்டின. "கற்பனை இன்னா கற்பனை. அந்த மூஞ்சிய என்னால போட முட்லமா. அதான் திருப்பி வுட்டேன்" என்றார் மூர்த்தி என்னிடம்.

வெளியான வாரம் அக்காவும் நானும் பகல் காட்சிக்குப் போனோம். அந்த மூச்சு வந்ததும் அரங்கமே அழுதது. பின் வரிசையில் ஒரு பையன், "அம்மா, அதுக்கு வலிக்குதா?" என்று கேட்டான். "சும்மா படம்டா" என்றாள் அம்மா. வெளியே வெயிலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது அக்கா சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கு உமா. அதான் தாங்கல."

அடக்கத்தன்று ஸ்டீபன் வந்திருந்தார். பேசச் சொன்னார்கள். அப்பாப் பல்லியின் குரலில் பல்லியம்மாவிடம் விடை பெற்றார். கூட்டம் தேம்பியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அந்த ஒரு மூச்சு போறும்மா. அவ பேரு நிக்கும்" என்றார். நான் மூர்த்தியின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பதிவுக்கு மறுநாள் அவர் வரமாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வழக்கமான நேரத்துக்கு, தலையில் மல்லிகையோடு வந்தார். மிச்சமிருந்தது வேடிக்கைக் காட்சி: பல்லியம்மா கால் தவறி வீட்டுக்காரரின் வழுக்கைத் தலையில் விழுவாள், வீடே பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்க்கும். தாளில் அம்மாவுக்கு 'ஐயோ' மட்டும்தான் இருந்தது. அக்கா 'ஐயோ' சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் தொடர்ந்தார்: "விழுந்தது நானு, இடுப்பு போனது எனக்கு. இவருக்கு எதுக்குய்யா பலன் பாக்குறீங்க? எனக்குப் பாருங்க." ஒலிப்பதிவாளர் சிரித்த சிரிப்பில் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

இடைவேளையில் கேட்டேன், எப்படியக்கா முடிகிறது என்று. டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னை அவரு விட்டுட்டுப் போனாரு, சரி. இந்தப் பல்லி புள்ளைங்களோடது. அதை நான் எப்படி விட்டுட்டுப் போறது?"

ஊர் அந்த மூச்சை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு மல்லிகையோடு வந்த அந்த மறுநாள் போதும்.