கன்னியம்மா டீச்சர் போட்ட முடிச்சு

சென்ற புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது அங்கன்வாடி ஆயாவிடமிருந்து போன் வந்தது. "சிஸ்டர், டீச்சர் பூட்டாங்க. இன்னிக்கி ஊசி வாணாம், நீ மட்டும் வா" என்றார். மூன்று மாதமாக நான் எதிர்பார்த்திருந்த சாவுச் செய்திதான். இருந்தும் திருவிடந்தையில் இறங்க மறந்து, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தேன்.

கன்னியம்மா டீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிடந்தைக்குப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பத்தொன்பது ஆண்டுகள் அங்கன்வாடியை நடத்தியவர் அவர். நான் அந்தப் பகுதியின் கிராமச் சுகாதாரச் செவிலியர். மாதம் ஒரு புதன்கிழமை அவருடைய மையத்தில்தான் தடுப்பூசி போடுவேன். பிள்ளைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ குத்து சிஸ்டர், திட்டு வாங்கிக்க நான் கீறேன்" என்பார். அழுகிற பிள்ளையை அவரைப் போலச் சிரிக்க வைத்தவரை நான் பார்த்ததில்லை.

அவருடைய கணவர் ஏழுமலை படகுத் தொழிலாளி. விடிந்ததிலிருந்து குடிப்பவர். ஆனால் கை நீட்டுகிற ஆள் இல்லை. "அடிச்சிருந்தா எப்பவோ வுட்டுட்டுப் போயிருப்பேன் சிஸ்டர். இந்த ஆளு கெஞ்சுது. கெஞ்சுறத எப்டி வுட்டுட்டுப் போறது?" என்று டீச்சர் ஒருமுறை கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் கடற்கரையில் குடியை நிறுத்தக் கயிறு கட்டுவது வழக்கம். அம்மன் கோயிலில் கற்பூரத்தின் முன் சத்தியம் வாங்கி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் ரத்தம் கக்கிச் சாவு என்பது நம்பிக்கை. ஆறு ஆண்டுகளுக்கு முன் டீச்சர் தம் கணவரை அப்படி அழைத்துப்போய்க் கட்டவைத்தார். நாற்பது நாள் தாக்குப்பிடித்தது. அந்த நாற்பது நாளும் அவர் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார்.

அது முடிந்த நாளில் நான் மையத்தில் இருந்தேன். காலை பத்து மணி, பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழுமலை வாசலில் வந்து நின்று கையை நீட்டினார். "அவுத்துவுடு கன்னி. இல்லாங்காட்டி கயித்தோடயே குட்ச்சிருவேன்" என்றார். டீச்சர் அவரைக் கட்டடத்தின் பின்புறம் அழைத்துப்போய், ஒரு கற்பூரத்தைக் கொளுத்திவைத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மறுநாள் ஆள் தெளிந்ததும் அதே கயிற்றை மறுபடியும் கட்டினார்.

"என்ன டீச்சர் இது கூத்து?" என்று கத்தினேன்.

"நான்தான இட்டுகினு போயி கட்ட வெச்சேன்? கயித்தோட குட்ச்சி செத்துட்டா நான் கொன்னா மாரி ஆவும் சிஸ்டர்."

"அவரே அவுத்துக்கட்டுமே."

"தானா அவுத்தா அதுவும் குத்தம். கட்ட வெச்சவதான் அவுக்கணும்."

இந்தச் சட்டத்தைப் பூசாரி சொன்னாரா, இவர்களே வகுத்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு டீச்சரால் குப்பத்தைவிட்டு ஒரு நாள்கூட நகர முடியவில்லை. செய்யூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது காலையில் போய் மாலையே திரும்பிவிட்டார். மதுராந்தகத்தில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்கு ஏதோ பொய் சொல்லித் தப்பித்தார். மையத்தின் வாசலில் அந்தக் கை நீளாத நாளே இல்லை. பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளும் கையை நீட்டப் பழகிக்கொண்டார்கள். "டீச்சர், எனக்கும் அவுத்துவுடு" என்று வரிசையில் நிற்பார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கையிலும் இல்லாத கயிற்றை அவிழ்த்துவிடுவார். எனக்கு அந்த விளையாட்டைக் காணச் சகிக்காது.

போன ஆண்டு ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் போன பிறகு, மார்பில் ஒரு கட்டி இருப்பதாகக் காட்டினார். தொட்டதுமே புற்றுநோய்க் கட்டியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். செங்கல்பட்டுப் பெரிய மருத்துவமனைக்கு நானே அழைத்துப்போனேன். சோதித்தார்கள், உடனே அறுவைச் சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள், சேர நாளும் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளில் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் மதியம்வரை காத்திருந்தேன். அவர் வரவில்லை. இரண்டாவது முறையும் நாள் குறித்தார்கள். அதற்கும் வரவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அப்போதுதான் அதைக் கேட்டார். "பத்து நாள் பெட்டுல படுக்கணும்ன்றாங்க. நான் வர்ற வரிக்கும் நீ அவுத்துவுட்றியா சிஸ்டர்? நானே சொல்லிக் குட்த்தா குத்தம் இல்ல. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

"குடிகாரனுக்குக் கயிறு அவுக்கிறது என் வேலை இல்ல" என்றேன். படித்தவள் என்ற திமிர் அது. எனக்கு நியாயமாகத்தான் பட்டது. குடிக்கிறவருக்குத் துணை போகக் கூடாது என்று கூட்டம் போட்டுச் சொல்பவளாயிற்றே நான். டீச்சர் கோபப்படவில்லை. "செரி வுடு" என்று என் கையில் டீயைக் கொடுத்தார். அதன் பிறகு மருத்துவமனைப் பேச்சையே எடுக்கவில்லை. பத்து நாள் ஒரு கயிற்றை அவிழ்த்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார். இதை யார் எப்படி ஆறுதலாகச் சொன்னாலும் நான் ஏற்பதற்கில்லை.

கட்டி பரவிய பிறகு எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசி மாதங்களில் படுத்தபடியே அவிழ்த்தார், படுத்தபடியே கட்டினார்.

புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஏழுமலை தெளிவாக உட்கார்ந்திருந்தார். "இன்னிக்காவது குடிக்காம கீறாரே" என்று உறவுக்காரப் பெண்கள் நெகிழ்ந்தார்கள். எனக்கு அவருடைய மணிக்கட்டுதான் கண்ணில் பட்டது. கயிறு இருந்தது. முந்தின நாள் காலையில் டீச்சர் கட்டியது, அவிழ்க்க ஆள் இல்லாமல் கிடந்தது.

மாலை போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஏழுமலை என் பின்னாலேயே வீட்டின் பக்கவாட்டுக்கு வந்து கையை நீட்டினார். "அவ உன்னிய கேட்டாளாமே சிஸ்டர். நீ அவுத்தா குத்தம் இல்லன்னு சொல்லிட்டுப் போனா."

அவரை அறைய வேண்டும் என்றிருந்தது. நீட்டிய கை அந்த அளவு நடுங்கியிராவிட்டால் அறைந்திருப்பேன். சாகக் கிடந்தவர் போட்ட முடிச்சு, தொட்டால் அவிழும் என்று நினைத்தேன். ஆனால் அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தார். நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

உடலை எடுக்கும் நேரத்தில் ஏழுமலையைத் தேடினார்கள். ஆள் இல்லை. மகள் மட்டும் கொஞ்ச தூரம் அழுதுகொண்டே பின்னால் போனாள்.

கயிறு என் தடுப்பூசிப் பெட்டியில் இருக்கிறது. என்றைக்காவது அவர் தெளிந்து வந்து கட்டச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. டீச்சர், நீங்கள் உயிரோடு கேட்டபோது மாட்டேன் என்றவள், நீங்கள் போன பிறகு அவிழ்த்துவிட்டேன். இனி யாரும் உங்களிடம் கையை நீட்ட மாட்டார்கள். போய் வாருங்கள்.