கிளெண்டாவின் பிசகு

டேட்டன் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெண்டா ஸ்ட்ராப்கிக்கு ராக் இசை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அந்த வரலாற்றை எழுதியவர்களுக்கு வேறு வேலை இல்லை என்பதே அதற்குக் காரணம். இளவயதில் அவள் 'நமத்த தீக்குச்சி' என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தாள். பாட்டெழுதிப் பாடியவன் லாயிட். சுருதி சேர்க்கத் தெரியாததைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆசாமி.

அந்த ஊர்க் குழுக்களுக்கு அப்போது ஒரு மடி ஆசாரம் இருந்தது. ஒரு பாட்டை ஒரே தடவைதான் பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் தடவை வாசித்தால் கம்பெனிக்காரனுக்கு விலைபோன கும்பல் என்று பெயர். லாயிட் வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாட்டை கேசட்டில் பதிந்தார்கள். நடுவில் கிளெண்டாவின் குச்சி கைநழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் பல்லவி ஆரம்பித்துவிட்டது. அடி தாமதமாக விழுந்தது.

“லாயிட், இன்னொரு வாட்டி வாசிச்சிரலாம். மானம் போகுது.”

“தப்புதான் நிஜம், கிளெண்டா. அப்படியே இருக்கட்டும்.”

இருந்தது. அந்த கேசட்டிலிருந்தே இசைத்தட்டும் போட்டார்கள்; வாங்க ஆளில்லை. வாங்கிய சொற்பப் பேரும் ஆளுக்கொரு குழு ஆரம்பித்து, பல்லவியில் அடியைத் தாமதமாகப் போட்டார்கள். கண்றாவி. பத்திரிகைக்காரர்கள் அதற்குத் 'தயக்கத்தின் அழகு' என்று பெயர் வைத்தார்கள். லாயிட்டோ, தானே ராப்பகலாக யோசித்துச் செய்த ஏற்பாடு என்று பேட்டிக்குப் பேட்டி கூசாமல் அளந்தான். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவர்கள் வீட்டுத் தரையில் படுத்தெழுந்து, ஒருவர் மூஞ்சி ஒருவருக்குப் பிடிக்காமல் போய்க் குழு கலைந்தது. கிளெண்டா மட்டும் வாசிப்பதை விடவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசித்துக் கையை நன்றாகவே தேற்றிக்கொண்டாள்.

முப்பது வருஷம் கழித்து, ஆற்றங்கரைக் கோடை விழாவுக்குக் குழுவை மறுபடி கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டை ஒரு தடவையாவது ஊரறிய ஒழுங்காக வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை கிளெண்டாவை அத்தனை காலமும் அரித்துக்கொண்டிருந்தது. வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

ஒத்திகையில் அடி கச்சிதமாக விழுந்தது. லாயிட் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“என்ன இது? ரெக்கார்டுல இருக்கற மாதிரி வாசி.”

“ரெக்கார்டுல குச்சி கீழ விழுந்துச்சுடா.”

“அந்த ஃபீல்தான் வேணும்.”

“அப்போ இப்பவும் கீழ போடட்டுமா?”

முயன்றும் பார்த்தாள், பாவம். வேண்டுமென்றே தாமதித்தால் அளவு எக்கச்சக்கமாகப் போயிற்று. லாயிட் பெரிய மனுஷத்தனமாகப் பெருமூச்சு விட்டான்.

“தப்பா எடுத்துக்காத கிளெண்டா. நீ உன்னை மாதிரி வாசிக்கல.”

“வேற யார் மாதிரிடா வாசிக்கறேன்?”

லாயிட் ஒத்திகையைக் கலைத்தான். அடுத்த வாரம் அவளுக்குப் பதிலாக டிரம்ஸ் வாசிக்க ஆஷர் என்ற தாடிக்காரனைக் கொண்டுவந்தான். இசைக் கல்லூரியில் கிளெண்டாவின் அந்த ஓர் அடியைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினவனாம். நூலிழை பிசகாமல் பிசகினான். கல்லூரிகளுக்கு வந்த வாழ்வு அப்படி.

விழாவுக்குப் போகவே கூடாது என்றிருந்த கிளெண்டா, மத்தியான வெயிலில் போய் முன்வரிசைத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு தொடங்கியது. பல்லவி வந்ததும் மேடையில் ஆஷர் குச்சியை ஓங்கியபடி காத்திருந்தான். கூட்டமும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. கிளெண்டாவின் கைக்குப் பொறுக்கவில்லை. சரியான இடத்தில் கம்பியில் டங்கென்று ஓர் அடி விழுந்தது.

பக்கத்தில் நின்ற இளைஞன் திரும்பினான். அவன் பனியனில் குழுவின் பழைய படம். அதில் டிரம்ஸுக்குப் பின்னால் தலைமயிர் பறக்க கிளெண்டா.

“இந்தப் பாட்டை முன்ன கேட்டதே இல்லையா? இங்க கொஞ்சம் பொறுக்கணும்மா. கெடுத்துட்டீங்களே.”

“ஆமா தம்பி, கெடுத்தது நான்தான்.”

அடுத்த பல்லவி வந்தது. கிளெண்டா இரண்டு கையாலும், அதே சரியான இடத்தில், ஓங்கி அடித்தாள்.