நடுக்கரும்பில் கேட்ட குரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போன மாசியில் கச்சிராயபாளையத்தில் எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கோகிலவாணி அக்காவின் கரும்புத் தோட்டத்தில் காட்டுப்பன்றி புகுந்துவிட்டது. விரட்டுவதற்கு நைனார்பாளையத்திலிருந்து நானும் என் நாய் கறுப்பியும் போயிருந்தோம். குட்டியிலிருந்து என் கையால் சோறு தின்று வளர்ந்தவள் அவள். உள்ளூர் இருசப்பன் அண்ணன் எனக்குத் துணை. வந்ததும் வராததுமாகக் கறுப்பியை விலைக்குக் கேட்டார். முடியாது என்றேன்.

"சரி, ரெக்ஸு. நான் ஓடப்பக்கம் நிக்கிறேன். கரும்புக்குள்ள மட்டும் நீ போவாத" என்றார்.

ஏன் போகக்கூடாது? எனக்கு அப்போதே சந்தேகம்.

மலைச்சரிவில் என்றால் நாய் கண்ணால் பார்த்தே துரத்தும். கரும்பில் அது நடக்காது. காற்று நுழையாது, மோப்பம் எட்டாது. அதனால் இரண்டு பக்கமும் ஆள் நின்று மாறி மாறிக் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நாய் குறுக்கே போகும், பன்றி மலைக்கு ஓடும்.

மாலை 5.40. கறுப்பியை அவிழ்த்துவிட்டேன்.

"ஓ...ஹோய்..."

அண்ணன் குரல்தான் என்று நினைத்தேன். பதில் கொடுத்தேன். மறுபடி அந்தக் குரல். மறுபடி என் பதில்.

ஆனால் குரல் ஓடைப் பக்கமிருந்து வரவில்லை. நடுக்கரும்பிலிருந்து வந்தது. நாயை அங்கே வரவழைத்துப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறாரா? எனக்கு ரத்தம் கொதித்தது.

பிறகுதான் உறைத்தது. ஆள் உள்ளே நடந்திருந்தால் காய்ந்த கரும்புச் சோகை சரசரக்குமே...

கறுப்பி ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அதுவும் நின்றது.

ஓடைக்கு ஓடினேன். அண்ணன் பாறையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என் நாய இன்னாண்ணே பண்ணீங்க?"

"நான் கொரலே குடுக்கல, ரெக்ஸு."

"பொய் சொல்லாதீங்க!"

அவர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஓ...ஹோய்..."

கரும்புக்குள்ளிருந்து.

"நீ பதிலு குடுத்தியா?"

"குடுத்தேன்..."

"ஐயோ... அவன் நிறுத்த மாட்டான்டா."

யார் என்று கேட்பதற்குள் எழுந்து ஓடிவிட்டார். நானும் ஓடினேன். கறுப்பியை விட்டுவிட்டு ஓடினேன்.

விடிந்ததும் நாலு பேரோடு உள்ளே போனோம். கறுப்பி நடுக்கரும்பில் படுத்திருந்தாள். உயிரோடுதான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வெறும் மண்ணை நக்கிக்கொண்டே இருந்தாள். இழுத்தும் வரவில்லை.

அந்த இடத்தைப் பார்த்ததும் கோகிலவாணி அக்கா அழுதுவிட்டார். அதற்கு முந்தின வருடம் பன்றி விரட்ட வந்த வெற்றிவேல் அங்கேதான் கிடந்தாராம். பன்றி தொடையைக் கிழித்திருந்தது. எழ முடியாமல், காப்பாற்ற ஆள் வரட்டும் என்று அந்தக் குரலையே விடாமல் கொடுத்திருக்கிறார்.

ஓடைப் பக்கம் நின்றவர் அது நாய்க்குக் கொடுக்கும் குரல் என்று நினைத்துவிட்டார். நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொரு குரலுக்கும் பதில் கொடுத்திருக்கிறார். குரல் அடங்கும்வரை.

அவர்தான் இருசப்பன் அண்ணன்.