பிடுங்கிய நோட்டீஸ்

ஓசூரில் கம்பெனி வாசலெதிரே நான் டீக்கடை வைத்திருந்தபோது அந்த வாட்ச்மேன் தினமும் வருவார். இலங்கையிலிருந்து வந்து அகதி முகாமில் இருந்தவர். ஒல்லி உடம்பு, சட்டையில் கழுத்துப் பட்டன்கூடப் போட்டிருப்பார். முகாம் ஆட்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் பற்றிச் செய்தி உண்டா என்று பேப்பர் முழுக்கத் தேடுவார். அது வந்தால்தான் மகளுக்கு அரசாங்க வேலை.

தேர்தல் சமயம் கட்சிக்காரர் ஒருவர் அவரைக் கும்பிட்டு நோட்டீஸ் கொடுத்தார்.

“உங்கட ஆக்கள் வென்றால் முகாம் சனத்துக்குச் சட்டம் போடுவினமோ, ஐயா?”

“முகாமா? அட, ஓட்டே கெடையாதா உனக்கு!” என்று நோட்டீசைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார் கட்சிக்காரர்.

“கும்பிட்டதையும் திருப்பி வாங்கிக்கய்யா!” என்றேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு வாட்ச்மேனே அதை நிதானமாக வாசித்துச் சொன்னார். ரோடு, தண்ணீர், பஸ் எல்லாம் இருந்தது. அவர் கேட்ட சட்டம் இல்லை.

“வடிவாத்தான் எழுதியிருக்கினம், அக்கா” என்று மடித்துக் கொடுத்தார். அவருக்கு ஏன் கோபம் வரவில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.